குறுக்கே வராத பூனைக்குட்டி

ஒரு காட்டில், குளக்கரை நாவல் மரத்தடியில் ஒரு பால்வாடி இருந்தது. தாய்மார்கள் இரை தேடப் போகும்போது குட்டிகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பால்வாடி நேரத்தில் யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். மற்ற நேரத்தைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

டீச்சர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் கூர்மணி. குட்டிகளுக்கு இலை பரப்பித் தூங்க வைப்பாள், மூக்கு சிந்திவிடுவாள், யாரையும் அதட்ட மாட்டாள். தீனி கொடுக்கும் ஆயா ஒரு மந்தி. பெயர் செங்கமலம். அவள் எல்லோரையும் அதட்டுவாள், டீச்சர் உட்பட.

பன்னிரண்டு குட்டிகளில் ஒன்று காட்டுப்பூனைக் குட்டி. அவன் பெயர் நுங்கு.

தினமும் விளையாட்டு முடிந்ததும் குட்டிகள் வரிசையாகக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். புறப்படும்போது டீச்சர் நுங்குவின் தலையைத் தடவி, "நீ சமத்துக்குட்டி இல்லே! எல்லாரும் குடிச்சப்புறம் கடைசியா வாடா கண்ணு!" என்பாள்.

ஏன் என்று அவள் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியாதா என்ன? வழியில் பூனை குறுக்கே வந்தால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று கூர்மணியின் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். கூர்மணிக்கு அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் எதற்கு வம்பு என்று அப்படியே பழகிவிட்டாள்.

டீச்சர் வாய் திறந்து சொல்லாவிட்டால் என்ன, குட்டிகளுக்குக் கண் இல்லையா? நுங்கு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், மற்றவர்கள் சட்டென்று நின்றுவிடுவார்கள். தரையில் உட்கார்ந்து மூன்று எண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். 'பூனை வந்தா உக்காரு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். மான்குட்டி புள்ளிதான் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி.

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டு!" என்று டீச்சர் சிரித்துக்கொள்வாள்.

நுங்கு சிரிக்கவில்லை. எங்கே போவதென்றாலும் இந்தப் பக்கம் பார்ப்பான், அந்தப் பக்கம் பார்ப்பான், யாரும் வரவில்லை என்றால்தான் நடப்பான். எல்லோரும் பந்தாக உருட்டி விளையாடும் விளாங்காய் அவன் காலடியிலேயே உருண்டு போனாலும் எடுக்க ஓட மாட்டான். இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது.

சித்திரை வந்தது. குளம் பாதி வற்றிவிட்டது. ஒருநாள் காலையில் ஒரு முயலம்மா தன் குட்டி தும்பையைப் புதிதாகச் சேர்க்க வந்தாள். வந்தவள் பத்தடி தள்ளியே நின்றாள்.

"ஏன் அங்கேயே நின்னுட்டீங்க? பக்கத்துல வாங்க!" என்றாள் கூர்மணி.

"இருக்கட்டும் டீச்சர். நீங்க தங்கமானவங்கன்னு காடே சொல்லுது. தப்பா நினைச்சுக்காதீங்க, முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தா முள்ளை எறியுமாமே? என் பிள்ளைகிட்ட மட்டும் கொஞ்சம் எட்ட நின்னு பேசுங்க, என்ன!"

சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு முயலம்மா போய்விட்டாள். கூர்மணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முள்ளம்பன்றியால் முள்ளை எறியவே முடியாது. யாரோ எப்போதோ கட்டிவிட்ட கதை அது. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே அவள் வளர்ந்தாள்.

"பாத்தியா செங்கமலம்! என் ஆயுசுல ஒரு முள்ளையாவது எறிஞ்சிருக்கேனா? திட்டிட்டுப் போயிருந்தாக்கூடப் பரவாயில்லே. தேன் தடவிப் பேசிட்டுப் போறாளே!"

"விடுங்க டீச்சரம்மா!"

டீச்சர் விடவில்லை. விளையாட்டு நேரம் முழுவதும் அதையே சொல்லிப் புலம்பினாள். தண்ணீர் நேரம் வந்தது. "கடைசியா வாடா கண்ணு!" என்று நுங்குவிடம் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, திரும்பவும் முயலம்மா பேச்சையே எடுத்தாள்.

நுங்கு மரத்தடியில் காத்திருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் குடித்த குட்டிகள் கரையேறாமல் அங்கேயே குதித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். நுங்குவுக்குத் தொண்டை வறண்டது. நேரே போனால் அவர்களுக்குக் குறுக்கே போக வேண்டும். ஆகவே அவன் குளத்தைச் சுற்றிக்கொண்டு, நாணல் மறைத்திருந்த எதிர்க்கரைக்குத் தனியாகப் போனான்.

அந்தப் பக்கத்தில் தண்ணீரே இல்லை. வெறும் சேறுதான்.

சற்று நேரம் கழித்துச் செங்கமலம் இலை போட்டு அத்திப்பழம் வைத்தாள். ஓர் இலை மட்டும் தொடாமல் கிடந்தது.

"யாரு இன்னும் வரலே?" என்று அதட்டினாள்.

"நுங்குதான்! அவன் எப்பவும் கடைசிதானே ஆயா!" என்றாள் புள்ளி, வாய் நிறையப் பழத்தோடு.

கூர்மணி நாலு பக்கமும் ஓடித் தேடினாள். எதிர்க்கரைச் சேற்றில் இரண்டு காதுகளும் ஒரு மூக்கும் மட்டும் தெரிந்தன. ஒரு நொடிகூட யோசிக்காமல் சேற்றில் இறங்கி, நுங்குவின் பிடரியைப் பல்லால் கவ்வினாள். செங்கமலம் ஒரு கையால் நாணல் வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டீச்சரின் காலைப் பிடித்து இழுத்தாள். கையெல்லாம் முள் குத்தியது. அவள் பிடியை விடவில்லை. இருவரும் இழுத்து இழுத்துக் குட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

நுங்கு நடுங்கிக்கொண்டே டீச்சரை நிமிர்ந்து பார்த்தான்.

"டீச்சர், நான் யாருக்கும் குறுக்கே வரலே! சுத்திதான் போனேன். நான் சமத்துதானே?"

கூர்மணியால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமில்லேடா கண்ணு, அழாதே!" என்றாள்.

"அவன் எங்கே அழறான் டீச்சரம்மா!" என்றாள் செங்கமலம், கையில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

"நான் என்ன பண்ணினேன்? பூனை ஆகாதுன்னு இவன்கிட்ட ஒருநாளாவது சொல்லியிருக்கேனா? கண்ணுன்னுதானே கூப்பிட்டேன்!"

"காலையில வந்த முயலம்மாவும் உங்களைத் தங்கம்னுதானே சொன்னா!"

காலையிலிருந்து தன் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது என்ன என்று கூர்மணிக்கு அப்போதுதான் புரிந்தது. அதே குத்தலைத் தினமும் தன் கையாலேயே இந்தக் குட்டிக்குக் கொடுத்திருக்கிறாள், தலையைத் தடவித் தடவி!

அவள் சேற்றோடு சேறாக நுங்குவின் பக்கத்தில் படுத்தாள். இப்போது இருவர் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன.

"நுங்கு, உன்னைக் கடைசியில நிறுத்தினது என் தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்லே. கடைசியில நின்னப்போ உனக்கு எப்படிடா இருந்துச்சு?"

டீச்சர் அவசரப்படவில்லை. அவன் வாயில் சொல்லைத் திணிக்காமல் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து நுங்கு மெதுவாகச் சொன்னான்.

"கடைசியா வந்தா தண்ணி கலங்கியிருக்கும் டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னான். கூர்மணி அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை அவள் எல்லாக் குட்டிகளையும் சுற்றி உட்கார வைத்தாள்.

"பூனை வந்தா உக்காரணும்னு உங்களுக்குப் பழக்கிவிட்டது நான்தான். அது பொய். அதனால நுங்குவுக்கு வலிச்சுது. இனிமே அந்த ஆட்டம் இங்கே கிடையாது!"

"எங்க அம்மாகூட உக்காருவாங்களே டீச்சர்!" என்றாள் புள்ளி.

"எங்க டீச்சர் இனிமே உக்கார மாட்டாங்கன்னு அம்மாகிட்ட சொல்லு!"

அன்றிலிருந்து குட்டிகள் தினம் ஒருவராக வரிசையில் முதலில் நின்றார்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடுமா? நுங்கு இன்னும் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தான். முயலம்மா இன்னும் பத்தடி தள்ளித்தான் நின்றாள்.

ஆறாம் நாள் நுங்குவின் முறை வந்தது. டீச்சர் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நுங்கு தயங்கித் தயங்கி வந்தவன், குளத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்து அவளுக்கு நேர் குறுக்கே ஓடினான். பழைய பழக்கம் லேசில் போகுமா? கூர்மணியின் கால் ஒரு நொடி நின்றுவிட்டது. குட்டிகள் அத்தனை பேரும் அந்தக் காலையே பார்த்தார்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைத்தாள். குட்டிகளும் பின்னாலேயே நடந்தார்கள்.

கரையில் குனிந்த நுங்கு துள்ளி எழுந்தான்.

"டீச்சர், டீச்சர்! தண்ணிக்குள்ள யாரோ இருக்காங்க! அழகா இருக்காங்க!"

கலங்காத தண்ணீரை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

"நீதாண்டா அது!" என்றாள் கூர்மணி.

பெரியவர்கள் வாயால் சொல்வதைவிடச் செய்வதையே பிள்ளைகள் படிப்பதால், எந்தப் பிள்ளையையும் பிறப்பைப் பார்த்து ஒதுக்காமல் இருப்பதே நாம் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம்.