புகார்ப் பெட்டியில் மூன்று கடிதங்கள்

"நீங்க சொன்னபடிதானுங்க மேடம் எல்லாம் செஞ்சேன்" என்றார் நாச்சிமுத்து.

ஈரோட்டில் நாற்பது கடைகளின் இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்துகிறவர் அவர். மின்னஞ்சலும் சேர்த்துத் தரலாம் என்று ஆசைப்பட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான ஷர்மிளாவிடம் பாடம் கேட்டவர்.

முதலில் புகாருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போடுங்கள் என்பதுதான் அவள் சொன்ன முதல் பாடம். போட்டார். 'போன் வேண்டாம், இங்கே எழுதுங்கள், ஒரே நாளில் பார்ப்போம்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். மனுஷன் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது அவருக்குத் தலை நிமிரவில்லை.

மசாலாப் பொடி விற்கும் சௌந்தரம் அவருடைய முதல் வாடிக்கையாளர். அவளுக்கு மைசூரில் ஒரு தம்பி, பல வருடமாகப் பேச்சில்லை. மகள் கல்யாணத்துக்காக வீம்பை விட்டு, நாச்சிமுத்து போட்டுத்தந்த மின்னஞ்சலில் அவனை அழைத்தாள்.

அது போய்ச் சேரவில்லை. தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறியது. சொந்த அக்கா ஒரு வார்த்தை அழைக்கவில்லையே என்று தம்பி உறவையே முறித்துக்கொண்டான். நேற்று அவளே நேரில் வந்து சொல்லி அழுதுவிட்டுப் போனாள்.

"எந்த செட்டிங்கை நான் விட்டேனுங்க?"

ஷர்மிளா மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் புகார்ப் பெட்டியத் திறங்க."

கடவுச்சொல் நினைவில்லை. பர்ஸைக் குடைந்து துண்டுச்சீட்டை எடுத்தார். போட்ட நாளிலிருந்து ஒருநாளும் அதை அவர் திறந்ததில்லை.

உள்ளே ஆயிரத்துச் சொச்சம் கடிதங்கள். அவருடைய சர்வரில் இருந்த ஏதோ ஒரு கடை ஊருக்கெல்லாம் விளம்பரம் அனுப்பித் தொல்லை கொடுத்திருக்கிறது. இந்த சர்வரிலிருந்து வரும் எதையும் இனி வாங்க மாட்டோம் என்று பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் மாதக்கணக்கில் எச்சரித்திருந்தன.

நடுவே சௌந்தரத்தின் மூன்று கடிதங்கள்.

"தம்பிக்கு அனுப்புனது போய்ச் சேந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

"கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தானுங்க இருக்குது."

மூன்றாவது, கல்யாணத்துக்கு மறுநாள் எழுதியது.

"இனிப் பாக்க வேண்டாமுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் திறந்திருந்தால் போதுமே என்று தன்னையே நொந்துகொண்டார். விசைப்பலகையில் கை வைத்தார். தப்பு முழுக்க என்னுடையது என்று அந்தத் தம்பிக்கு விவரமாக ஒரு கடிதம் போட்டுவிடுகிறேன் என்றார்.

ஷர்மிளா மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"மைசூருக்குப் பஸ் இருக்குதுங்கண்ணா."