முருங்கைக்காய்க்கு விலை வைப்பவர்

"டீச்சர், எனக்குக் கதை வேண்டாங்க. கைடுல இருக்கறதச் சொல்லிக் குடுங்க, போதும்."

சொன்னவள் சொர்ணவல்லி. வயது நாற்பத்து மூன்று. ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்பவள்.

அந்த விடுதியின் காப்பாளர் அம்மா ஓய்வு பெறப்போகிறார். பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டு வா, அந்த இடம் உனக்குத்தான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

தனித்தேர்வராக எழுதினாள். மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டன. பொருளாதாரம் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இது மூன்றாவது தடவை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் அமலி. வயது இருபத்தாறு. உரக்கடை மாடியில் பொருளாதாரத்துக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறாள்.

மாடிச் சுவர் முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள். வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. ரோட்டில் கொட்டிக் கிடக்கும் தக்காளி. நூல் விலை ஏறியதால் நின்றுபோன தறிகள்.

தினம் ஒரு துண்டைக் காட்டுவாள். "ஏன்?" என்று கேட்பாள். அப்புறம் வாயே திறக்கமாட்டாள்.

சொர்ணவல்லிக்கு அது பிடிக்கவில்லை.

"இந்தத் தக்காளி பரீட்சையில வருமாங்க?"

"வரும்க்கா."

"எத்தனாவது பாடத்துல?"

"எல்லாப் பாடத்துலயும்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சொர்ணவல்லி சிரிக்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"எனக்குத் தடுமாற்றமே அந்தப் படத்துலதாங்க. தேவைக் கோடு, அளிப்புக் கோடு. ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. எது ஏறும், எது இறங்கும்? ரெண்டு தடவையும் மாத்திப் போட்டுட்டு வந்தேன். அத மட்டும் மண்டையில ஏத்தி விட்டுருங்க."

அமலி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"இதுல ஒரு பேர் எழுதிக்கிட்டு வாங்கக்கா."

"யார் பேருங்க?"

"முருங்கைக்காய்க்கு விலை வைக்கிற ஆளோட பேர்."

"எழுதிட்டு வந்தா?"

"படம் தானா வரும்."

இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே சொர்ணவல்லி படி இறங்கினாள். ஆனாலும் தாளை மடித்துப் பத்திரமாக மணிபர்சுக்குள் வைத்தாள்.

மறுநாள் விடுதிக்குக் காய் வாங்கப் போனவள், வழக்கமான கடைக்குப் போகாமல் நேராக மண்டிக்குப் போனாள். ஏலக்காரர் நல்லசாமி ஏலம் கூறிக்கொண்டிருந்தார். தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். இவராகத்தான் இருக்கும் என்று பேனாவைத் திறந்தாள்.

"அண்ணா, முருங்கைக்காய்க்கு விலை வைக்கிறது நீங்கதானுங்களே?"

நல்லசாமி பதறிவிட்டார்.

"நான் வெறும் வாய் தாயி. அவங்க கேக்கறதத் திருப்பிச் சொல்றேன், அவ்வளவுதான். விலை வேணும்னா, அதோ மூட்டை மேல சாஞ்சு நிக்கறாரே, அவரக் கேளு."

சாய்ந்து நின்றவர் உள்ளூர்க் கடைகளுக்கு மொத்தமாகக் காய் எடுக்கும் வியாபாரி.

"நானா? நல்லா கேட்டீங்க போங்க. கடைக்காரங்க எந்த விலைக்கு எடுப்பாங்களோ, அதுக்கு மேல ஒரு ரூவா நான் கேக்க முடியுமா? போயி தாவூது பாயப் பிடிங்க. கையில நாலு காய வச்சுக்கிட்டு நம்மள ஆட்டிப் படைக்கற ஆளு அவருதான்."

தாவூது பாய் கடைதான் சொர்ணவல்லி வழக்கமாக வாங்கும் கடை. இத்தனை வருஷம் இவரிடமா காய் வாங்கினோம் என்று கோபமாகவே வந்தாள்.

"பாய், முருங்கைக்காய்க்கு யாரு விலை வைக்கிறது?"

பாய் தராசைத் துடைத்துக்கொண்டே கையை நீட்டினார்.

"இதோ நிக்கறாங்களே, அவங்கதான்."

சொர்ணவல்லி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஓர் ஆடு காலிஃபிளவர் இலையைத் தின்றுகொண்டிருந்தது.

"யாரு, ஆடா?"

"நீங்கம்மா!"

"நானா? நான் சமையக்காரிங்க பாய்!"

"போன வாரம் முருங்கைக்காய் எகிறுச்சே, நீங்க என்ன பண்ணீங்க?"

"பூசணிக்காய் வாங்கி சாம்பார் வச்சேன்."

"அப்படி நாப்பது பேரு பூசணிக்குப் போயிட்டாங்க. முருங்கைக்காய் கடையிலயே வாடுச்சு. இந்த விலைக்கு எனக்கு வேண்டாம்னு நான் மொத்த வியாபாரிகிட்ட சொன்னேன். அவரும் ஏலத்துல வாயை மூடிக்கிட்டாரு. ரெண்டே நாள், விலை இறங்கிருச்சு. இப்பச் சொல்லுங்க, இறக்குனது யாரு?"

சொர்ணவல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

விலை என்பது மழை மாதிரி மேலேயிருந்து விழுவது, குடை இருந்தால் பிடிக்கலாம், இல்லாவிட்டால் நனையலாம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நடந்த அன்று, தான் ஒரு சந்தையையே அசைத்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். பதினோரு பிள்ளைகளுக்கும் கேட்கும்படி தாளை அமலி முன்னால் அறைந்து வைத்தாள்.

தாளில் ஒரே பெயர். சொர்ணவல்லி.

அமலி அதைப் பார்த்தாள். தாளை இரண்டாகக் கிழித்தாள். பெயர் இருந்த பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். வெற்றுப் பாதியை அவளிடமே நீட்டினாள்.

"பாதி மார்க் அக்கா."

"மீதி?"

அமலி அடுத்த செய்தித் துண்டை ஒட்டப் போய்விட்டாள்.

சொர்ணவல்லிக்கு அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்தது. விடுதிப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் கைகாட்டிக் கடைசியில் என்னிடம் வந்து நின்றது, இன்னும் யாரைக் கேட்க மறந்தேன்?

விடிந்ததும் மறுபடியும் மண்டிக்கு ஓடினாள். ஏலம் போடுகிறவர், எடுக்கிறவர், சுமக்கிறவர். எல்லாரையும் பார்த்தாயிற்று. ஓரமாக, ஒரே ஒரு மூட்டை மேல் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் முருங்கை இலை.

"நீங்க யாருங்க?"

"கருப்பணன். காய் நம்ம தோட்டத்துக் காய்."

"ஒரு மூட்டைதானா?"

"போன வாரம் ஆறு மூட்டை கொண்டாந்தேன் அம்மிணி. நேத்து விலையக் கேட்டேன், கை ஓஞ்சுபோச்சு. ஒரு மூட்டையப் பறிச்சேன். மிச்சம் மரத்துலயே ஆடட்டும்னு விட்டுட்டேன்."

"விலை ஏறுனா?"

கருப்பணன் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

"விலை ஏறுனா நானும் ஏறுவேன். முருங்கை மரத்துல கால் வச்சா ஒடிஞ்சுரும், அதனால ஏணி போட்டு ஏறுவேன். தொரட்டிக் கம்புக்கு எட்டாத உச்சிக் காயக்கூட விடமாட்டேன். என் வீட்டுக்காரி, மச்சான், மருமகன், அத்தனை பேரையும் ஏத்தி விட்டுருவேன்!"

சொர்ணவல்லி அப்படியே நின்றாள்.

"அண்ணா... விலை ஏறுனா நீங்க ஏறுவீங்க?"

"ஆமா."

"விலை ஏறுனா நான் இறங்கிருவேனே! பூசணிக்குப் போயிருவேனே!"

"அது நீதானா?" என்றார் கருப்பணன். "அஞ்சு மூட்டை மரத்துல ஆடுதே, அது உன் வேலையா?"

"நீங்க ஆறு மூட்டை கொண்டாந்தா நான் மறுபடியும் முருங்கைக்காய்க்கு வந்துருவேங்க!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நல்லசாமி ஏலத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கருப்பணன் அவளுக்கும் ஒரு டீ சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டீ வரும்வரை, பாதித் தாளை மூட்டைமேல் விரித்து அவர் பெயரை எழுதினாள்.

அன்று மாலை அந்தத் தாளை அமலி வாங்கிப் படித்தாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அன்று வகுப்பு எடுத்தது சொர்ணவல்லி.

ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. பொருளாதாரத்தில் எழுபத்தெட்டு. விடுதியின் சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அமலிக்கு அது பரீட்சை நடந்த அன்றே தெரிந்துவிட்டது.

அன்று பள்ளி வாசலில் மொபெட்டை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சொர்ணவல்லி மட்டும் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள் மாதிரி வந்தாள்.

"படம் கேட்டிருந்தாங்களாக்கா?"

"முதல் கேள்வியே அதாங்க!"

"எது ஏறுச்சு?"

"கருப்பணன் அண்ணன் ஏறுனாரு."

"எது இறங்குச்சு?"

"நாந்தான்."

அமலி மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள். சொர்ணவல்லி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் சந்திச்சுக்கிற இடத்துக்கு என்ன பேர் போட்டீங்க?"

"கைடுல சமநிலைன்னு போட்டிருந்துச்சு. அதையே போட்டுட்டேங்க."

சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பரவால்ல டீச்சர், அவங்களும் நல்ல பேராத்தான் வச்சிருக்காங்க."