கலசத்து வரகு

மழை நின்று அது ஏழாவது வருஷம். எங்கள் ஊருக்கு மட்டும் நின்றிருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்போம். பூமி முழுக்க நின்றுவிட்டது. ரேடியோவில் முதலில் செய்தி நின்றது, அப்புறம் பாட்டு நின்றது, கடைசியில் அந்தக் கரகரப்பும் நின்றது.

ஆலங்கரட்டில் மிஞ்சியது அறுபத்து மூன்று பேர். "நாயன்மார் கணக்கு சரியா இருக்கு. இனி ஒருத்தரும் சாகக் கூடாது" என்று விசில் சாமி சொல்வார்.

அவர் பிறவிச் சாமியார் இல்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மனைவி போன துக்கத்தில் ஒருநாள் கோயிலில் வந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. குருக்கள் வெயிலில் சுருண்டு விழுந்து செத்த பிறகு விளக்கேற்றுவதும் இவர்தான், மணி அடிப்பதும் இவர்தான். கழுத்தில் உருத்திராட்சத்தோடு பழைய விசிலும் தொங்கும். கஞ்சி வெந்ததும் ஊதுவார். நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யை, அரசியம்மா. அரசாங்க விதைப் பண்ணையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையரானவர். சாமியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இவ்வளவு படித்துவிட்டு ஒரு கண்டக்டரைப் போய் குரு என்கிறீர்களே என்று நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாருப்பா. எங்க ஆபீஸ்ல அப்படி ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்லை" என்றார்.

பண்ணையை மூடிய அன்று அங்கே மிச்சமிருந்த கடைசி மூட்டை விதை வரகை அவர்தான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அது மடப்பள்ளி மூலையில் இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்பது பேச்சு. பேச்சுத்தான். புளியங்கொட்டையும் காட்டுக் கிழங்கும் தின்று நாக்குச் செத்துப்போன ஒரு நாளில், "மேலே அஞ்சு கலசம் இருக்கும்போது இது எதுக்கு?" என்று யாரோ ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வாரம் ஒரு படி என்று அளக்க ஆரம்பித்தோம்.

கலசம் என்றால் கோபுரத்து உச்சியில் இருக்கும் செப்புக் கலசம். கும்பாபிஷேகத்தின்போது அதில் வரகு நிரப்பி ஏற்றுவது வழக்கம். பிரளயமே வந்தாலும் மேலே விதை இருக்கும், முதல் மழைக்கு இறக்கி விதைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய தானியத்தை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் கோயிலில் முப்பத்தோரு வருஷமாக அது நடக்கவில்லை. முதல் பரிவட்டம் செங்கோடன் வீட்டுக்கா, குமரேசன் வீட்டுக்கா என்று தகராறு. கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். இப்போது கோர்ட்டும் இல்லை, ஜட்ஜும் இல்லை, குமரேசனும் ஊரைவிட்டுப் போய்விட்டார். தடையுத்தரவு மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

நானும் அந்த மூட்டையிலிருந்து தின்றவன்தான். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூட்டை பாதியானபோது அரசியம்மா சாமியிடம் வந்தார். நான் மடப்பள்ளியில் பானை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவ என்ன தண்ணீரா, சாம்பல்தான். காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

"சாமி, மனுஷ ஜாதி பிழைக்குமா?"

"தெரியாதும்மா."

"மழை வருமா?"

"அதுவும் தெரியாது."

"சரி, கலசத்துக்குள்ள என்ன இருக்கு?"

சாமி நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். வரகை எவ்வளவு நல்லா வெச்சாலும் பத்து வருஷம் முளைச்சா பெரிசு. இது செம்புக்குள்ள முப்பத்தோரு வருஷம் வெந்திருக்கு. உமிதான் இருக்கும். செத்த விதையை நம்பிக்கிட்டு உசிரோட இருக்கற விதையைத் தின்னுட்டிருக்கோம்."

"ஊர்ல சொன்னீங்களா?"

"சொன்னேனே. ரிட்டையராகியும் கவர்மென்ட் புத்தி போகலைன்னு சிரிக்கறாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

சாமி கழுத்து விசிலை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"காலையில கண்ணைத் திறந்ததும் நான் பாக்கறது அந்தக் கலசத்தைத்தாம்மா. அதைப் பாத்தாத்தான் எழுந்திருக்கணும்னே தோணுது. எனக்கே அப்படின்னா அவங்களுக்கு?"

அரசியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப பொய்யைப் பாத்துக்கிட்டே சாகலாம்கறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. நமக்கு வயசாச்சு. நாம விதைச்சு, நாமளா அறுக்கப் போறோம்? நீங்க ஏன் இதுக்காக இவ்வளவு துடிக்கறீங்க?"

அரசியம்மா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பேசினது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பானையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"என் பையன் கனடாவுல இருந்தான். கடைசியா போன் பண்ணினப்போ மருமகளுக்கு ஏழு மாசம். 'நீ இல்லாம வளைகாப்பு பண்ணினோம்மா, இவ அழுதுட்டா'ன்னான். அதோட லைன் போச்சு. ஆறு வருஷம் ஆகுது."

"தெரியும்மா."

"முழுசா தெரியாது. கேளுங்க. அந்த ஊர்லயும் ஒரு கிழவி இருப்பா. அவகிட்டயும் ஒரு மூட்டை விதை இருக்கும். பசி தாங்காம அவ அதைத் தின்னுட்டா என் பேரப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. இங்கே நான் தின்னாம வெச்சிருந்தா, அங்கே அவளும் வெச்சிருப்பா. எனக்கு அப்படி ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. விதைப் பரிசோதனை பண்ணினவ பேசற பேச்சா இது?"

"இதைத்தாம்மா வேண்டுதல்ங்கறோம்."

"வேண்டுதல் வேண்டாம் சாமி. விதை வேணும்."

மறுநாள் காலை விசில் கேட்டது. கஞ்சி நேரம் இல்லையே என்று எல்லோரும் கோயில் வாசலுக்கு ஓடினோம். சாமி வேட்டியை வரிந்து கட்டி, தோளில் கயிறு போட்டுக் கோபுரத்தில் கால் வைத்துவிட்டார்.

செங்கோடன் கையை விரித்துக்கொண்டு மறித்தார். "கோர்ட்டுத் தடை இருக்கு! கலசத்தைத் தொடக் கூடாது!"

"ஜட்ஜ் வந்தா என்னைக் கைகாட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சாமி ஏறினார்.

நடுக்கலசத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். நாங்கள் பத்துப் பேர் தாங்கிப் பிடித்தோம். கைகூப்பியபடி பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, மூடியைக் கழற்றி, சாமி அதைக் கவிழ்த்தார்.

கறுப்பாகத் தூள் விழுந்தது. கொஞ்சம் உமி. ஒரு பழைய குளவிக்கூடு.

குலவை நின்றுவிட்டது.

"மத்த நாலு இருக்கே" என்றாள் என் மனைவி.

சாமி மறுபடி ஏறினார். இரண்டாவதிலும் தூள்தான். மூன்றாவதிலும் தூள்தான். நாலாவதை இறக்கும்போது பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். ஐந்தாவதை இறக்கினபோது அண்ணாந்து பார்க்க ஆளில்லை. நானும் செங்கோடனும்தான் பிடித்தோம்.

"உள்ளதும் போச்சு" என்றார் செங்கோடன். "பஸ்ஸைக் கவுத்துட்டியே, கண்டக்டர்!"

அன்று ஒருவரைத் தவிர யாரும் அவரைச் சாமி என்று கூப்பிடவில்லை.

அரசியம்மாதான் பக்கத்தில் போனார். அவர் முகமும் சரியில்லை. "இப்படியா சாமி கொட்டறது? பக்குவமா எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தாம்மா ஏறினேன். மேலே போனதும் எனக்கே ஓர் ஆசை வந்துடுச்சு. ஒரு பிடியாவது இருந்துடாதான்னு."

அந்தத் தூளுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் அழுதார். அவர் மனைவி செத்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை என்று சொல்வார்கள்.

மூன்று நாள் விசில் ஊதினால் வந்தோம், குனிந்தபடி குடித்தோம், போனோம். ஏழு பேர் சொல்லிக்கொள்ளாமல் மேற்கே நடந்து போய்விட்டார்கள். காலையில் எழுந்ததும் பழக்கத்தில் எல்லோரும் மேலே பார்ப்போம். மொட்டைக் கோபுரம். சட்டென்று குனிந்துகொள்வோம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நாலாம் நாள் செங்கோடன் துண்டில் எதையோ முடிந்துகொண்டு மடப்பள்ளிக்கு வந்தார்.

"இந்த வாரத்துப் படி. இன்னும் ஆக்கலை" என்று அரசியம்மா முன்னால் வைத்தார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? மேலே ஒண்ணுமில்லைன்னு ஆகிப்போச்சு. அப்ப இதுதானே இருக்கு."

சேதி பரவிவிட்டது. ஒவ்வொரு வீடாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு படி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் என் மனைவி வாசலைத் தாண்டிவிட்டாள். அவள் மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது சொல்ல என்ன வெட்கம்?

மூட்டையில் மிஞ்சியதோடு எல்லாம் சேர்த்து அளந்தால் ஒரு கலசத்துக்குச் சரியாக இருந்தது. அரசியம்மா அதைப் புடைத்து, காய்ந்த வேப்பிலையும் சாம்பலும் கலந்தார்.

"ஒண்ணை மறைக்க மாட்டேன்" என்றார். "இந்த வெயிலுக்குச் செம்புக்குள்ள நாலு வருஷம் தாங்கினா அதிகம். அதுக்குள்ள இறக்கி, ஒரு பாத்தியாவது விதைச்சு, புது விதை எடுத்து மறுபடி ஏத்தணும். இல்லேன்னா இதுவும் தூளாயிடும்."

"மழை இல்லாம எப்படி விதைக்கறது?" என்றேன்.

"குடிக்கற தண்ணியிலதான். ஆளுக்கு அரை டம்ளர் குறையும்."

ஊரில் ஒரே ஒரு கிணறு, அதுவும் ஊற்றுத் தண்ணீர், ஆளுக்கு இரண்டு டம்ளர்.

"நாலு வருஷத்துக்கு ஒருக்காத்தானே? கும்பாபிஷேகம்னா விரதம் இருக்கணுமில்ல" என்றார் செங்கோடன்.

"யாருக்கு முதல் பரிவட்டம்?" என்று சாமி கேட்டார்.

செங்கோடனுக்கு முகம் சிவந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை. கலசத்தைப் புளி போட்டுத் தேய்த்து வாசலில் நிறுத்தியிருந்தோம். நாங்கள் ஐம்பத்தாறு பேரும் வரிசையில் நின்றோம். ஆளுக்கு ஒரு கை வரகு போட வேண்டும். போடும்போது அர்ச்சனைக்குச் சொல்வதுபோல ஒரு பேரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். குருக்கள் இருந்தால் மந்திரம் சொல்லியிருப்பார். சாமிக்கு மந்திரம் தெரியாது. அந்தப் பேரைத்தான் சந்நிதியைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

எல்லோரும் தங்கள் பிள்ளைகள் பேரைச் சொன்னார்கள். செங்கோடன் முறை வந்தது.

"குமரேசன், சதய நட்சத்திரம்" என்றார்.

சாமி நிமிர்ந்து பார்த்தார். "கேஸ் போட்ட குமரேசனா?"

"அவனேதான். எங்கே கெடந்து தவிக்கறானோ, படுபாவி."

சாமி அந்தப் பேரையும் உரக்கச் சொன்னார். செங்கோடன் வரகைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நகர்ந்தார்.

எனக்கு முன்னால் நின்றது அரசியம்மா. இரண்டு கையையும் சேர்த்து வரகை ஏந்தியிருந்தார்.

"யார் பேருக்கும்மா?" என்றார் சாமி.

அரசியம்மா கையிலிருந்த வரகையே பார்த்தார்.

"பேரன் பேத்தி பேருக்குத்தானே? சொல்லுங்க."

"பேரு தெரியாது சாமி."

"பையனா, பொண்ணா?"

"தெரியாது."

"நட்சத்திரம்?"

"பொறந்துச்சான்னே தெரியாது சாமி."

சொல்லும்போதே உடைந்துபோனார். பின்னால் நின்ற எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆறு வருஷமாக அந்த அம்மாள் தினமும் மனசுக்குள் கொஞ்சிக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கூப்பிட ஒரு பேர்கூட இல்லை.

"பேரில்லாம எப்படி அர்ச்சனை? விடுங்க, அடுத்தவரைக் கூப்பிடுங்க" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சாமி அந்தக் கைகளை அப்படியே பிடித்து, ஒரு மணி சிந்தாமல், கலசத்தின் வாய்க்கு மேலே கொண்டுவந்தார்.

"பேர் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் மூட்டையில பாதியை ஆக்கிப் போட்டாச்சும்மா. இது அந்தப் பேர் தெரியாததுக்கு. போடுங்க."