சுண்ணாம்புக்குக் கொள்ளி வைத்த கதை

தள்ளி உட்காராதீங்க, கிட்ட வாங்க. உரக்கச் சொன்னால் மொச்சையூர்க்காரர்கள் நம்மிடம் நியாயம் கேட்க வந்துவிடுவார்கள்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி மூணு பேர்: கலியன், சின்னான், மருதப்பன். இளையவன் மருதப்பன்தான் கெட்டிக்காரன். ஊர் சொல்லாவிட்டாலும் அவனே சொல்லிக்கொள்வான்.

தங்கச்சி அஞ்சலைக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா வையாபுரி கறார்ப் பேர்வழி. "நான் வர்றப்ப வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கணும். இல்லேன்னா வந்த வண்டியிலேயே திரும்பிடுவேன்" என்று சொல்லியனுப்பினார்.

மூவரும் சுட்ட சுண்ணாம்புக்கல் வாங்கக் காளவாய்க்குப் போனார்கள். "பானையில போட்டுத் தண்ணி ஊத்துங்க. கொதிக்கும். அடங்கினதும் பூசுங்க" என்றார் காளவாய்க்காரர்.

ஊற்றினார்கள். அடுப்பில்லை, விறகில்லை, பானை தளதளவென்று கொதித்தது.

மருதப்பன் பானையின் கழுத்தில் நாடி பார்த்தான். விரல் பொசுங்கியது. "கடுங்காய்ச்சல்" என்றான்.

மிளகுக் கஷாயம் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றக் காய்ச்சல் ஏறியது. கம்பளியைப் போர்த்தித் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள்.

"பானைக்குத் தலைமாடு எதுடா?" என்றான் சின்னான்.

"ஆவி வர்ற பக்கம்."

பொழுது சாயக் கொதி அடங்கியது. மருதப்பன் தொட்டுப் பார்த்தான், சில்லென்றிருந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். "போயிட்டாருண்ணே!"

"அடங்கினதும் பூசச் சொன்னாரே?" என்றான் கலியன்.

"கல்யாண வீட்டுச் சுவத்துல பொணத்தையா பூசுவே?"

கலியனுக்கே வெட்கமாகிவிட்டது. பாடை கட்டினார்கள். பிறந்த இடத்திலேயே போகட்டும் என்று காளவாய்க்குத் தூக்கிப்போய், வண்டி வண்டியாய் விறகடுக்கிக் கொள்ளி வைத்தார்கள். மறுநாள் காடாற்று. முறைப்படி பால் தெளித்தார்கள். புஸ்ஸென்று ஆவி பறக்கக் கொதித்தது!

"உசுரு வந்திருச்சு!" என்று சின்னான் குதித்தான்.

மருதப்பன் ஆழ்ந்து யோசித்தான். "நெருப்பு வச்சா எழுந்துக்கிறார். தண்ணி காட்டினா போயிடறார்."

"ரெண்டையும் சேர்த்துக் காட்டினா?" என்றான் சின்னான்.

"பாதி செத்தும் பாதி பிழைச்சும் நடுவுலயே நிப்பாரு. அது பாவம்ணே."

பிறகென்ன? அடங்கினால் கொள்ளி, எழுந்தால் பால். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் பறக்கும். கடைசியாக அடங்கியபோது ஒரு கொட்டாங்கச்சி அளவுதான் மிச்சம். அதை ஏந்திக்கொண்டு வீடு திரும்பிய நேரம் பார்த்து வாசலில் வையாபுரியின் வண்டி வந்து நின்றது.

"சுவரெல்லாம் கரியா இருக்கே, வெள்ளை எங்கேடா?"

மருதப்பன் கொட்டாங்கச்சியை நீட்டினான். "செத்துச் செத்துப் பிழைச்சதுல இளைச்சுட்டாரு மாமா."

"அண்ணே, எதையாவது பூசித் தொலைங்கண்ணே!" கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலை அழுதாள்.

வையாபுரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வண்டிப் பலகைமேல் வைத்துவிட்டு முகத்து வேர்வையைத் துடைத்தார். "என் கண்ணுக்கு வீடு பூரா வெள்ளையாத் தெரியணும். அப்பத்தான் சம்பந்தம். இல்லேன்னா வண்டியைத் திருப்புடா!"

வண்டிக்காரன் கயிற்றை இழுத்தான். மருதப்பன் கொட்டாங்கச்சியைப் பார்த்தான். நாலு சுவரையும் பார்த்தான். நாலுக்கும் காணாது. பலகைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. வெள்ளையடிக்க வைத்திருந்த மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, அந்த ரெண்டு கண்ணாடியிலும் திட்டுத்திட்டாக இல்லாமல் அழகாகப் பூசி, ஊதிக் காயவைத்து, வையாபுரியின் மூக்கில் மாட்டி, அவர் முகத்தை மெல்ல வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டான்.