தென்னை மரத்தில் வைத்த ரகசியம்

கொன்றைநல்லூர் அரண்மனையில் அம்பலவாணர் என்றொரு அமைச்சர் இருந்தார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதில் கொஞ்சம் தனக்கும் மிச்சம் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த நாட்டில் அறுவடை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒருவர் அரண்மனைக்கு வந்து விளைச்சல் கணக்கைச் சொல்லி வரி நெல் கட்டுவார். விளைச்சல் பொய்த்தவர்களுக்குக் களஞ்சியத்திலிருந்து நெல் திருப்பித் தரப்படும். இதில் ஒரு திருட்டு புகுந்தது. எவனோ முந்திக்கொண்டு வந்து, நான்தான் இன்னார் என்று சொல்லி நெல்லை வாங்கிப் போய்விடுவான். உண்மையான இன்னார் சாக்கோடு வந்து நின்றால், நேற்றே வாங்கிவிட்டாயே என்று விரட்டுவார்கள்.

அரசர் கொற்றவேள் இதற்கு வழி கேட்டார். அம்பலவாணர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொருவரும் வருடந்தோறும் புதிதாக ஒரு ரகசிய எண்ணை ஓலையில் எழுதி, முத்திரையிட்டுக் கருவூலத்தில் கொடுக்க வேண்டும். கணக்குச் சொல்ல வரும்போது அந்த எண்ணை அரசர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அரசர் முத்திரையை உடைத்துப் பார்த்து, சரி என்றால் ஓலையைத் தீயில் போட்டுவிடுவார். தப்பாகச் சொன்னவன் ஆள்மாறாட்டக்காரன். அவனுக்குச் சிறை, அவன் வீடு அரசுக்கு.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் அவர் அம்பலவாணரா? “முகத்தை நம்பவே கூடாது, அரசே. வேஷக்காரர்கள் மலிந்த காலம். நானே வந்து நின்றாலும் எண்ணைத்தான் கேட்க வேண்டும்” என்று ஒரு விதியையும் சேர்த்தார். எண்ணை வேறெங்கும் எழுதி வைக்கக் கூடாது, மனதில்தான் வைக்க வேண்டும் என்று தெருத்தெருவாகப் பறையும் அறையச் செய்தார்.

முதல் வருடம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் வருடம் கணக்குச் சொல்லும் நாளன்று காலையில் அம்பலவாணர் கொல்லைப்புறம் போய்த் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். மரம் மொட்டையாக நின்றது.

“வடிவு, காயெல்லாம் எங்கே?”

“முந்தாநாள் ஆள் விட்டுப் பறிச்சாச்சு” என்றாள் அவர் மனைவி, அம்மியிலிருந்து கையெடுக்காமல்.

“எத்தனை காய் இருந்தது?”

“யாரு எண்ணினா? கல்யாண வீட்டுக்குப் பாதி குடுத்தேன். மீதியை வித்தாச்சு.”

“போச்சு. என்னைச் சிறையிலே போடப் போறாங்க.”

“ஏன், அது நம்ம மரம்தானே?”

மரத்தில் எத்தனை காயோ அதையே தன் எண்ணாக எழுதிக் கொடுத்திருந்தார் அந்த மகா புத்திசாலி. மறந்தாலும் அண்ணாந்து பார்த்தால் போதும் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கேட்டுவிட்டு வடிவு, “எண்ணைச் சொல்லலைன்னா சிறைன்னு எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டான்?” என்றாள்.

“நான்தான்.”

வடிவு அவரை ஒரு பார்வை பார்த்தாள். “அப்ப சாப்பிட்டுட்டே போங்க. அங்கே என்ன போடுவாங்களோ” என்றாள்.

சபையில் அம்பலவாணரைக் கண்டதும் அரசர் சிரித்தார். “உமக்கு எதற்கு எண்? உம்மை எனக்குத் தெரியாதா?”

அம்பலவாணருக்கு உயிர் வந்தது. வந்த உயிரைக் கருவூல அதிகாரி தாண்டவராயர் வாசலிலேயே மடக்கினார். “விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அரசே. நானே வந்தாலும் எண்ணைக் கேளுங்கள் என்று சொன்னவரே இவர்தான்.” அம்பலவாணரின் வெளுத்த முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அரசுக்குப் போகும் வீடு கருவூலத்தின் கைக்குத்தான் வரும்; அம்பலவாணர் வீட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

அரசர் வேறு வழியில்லாமல் ஓலையைக் கையிலெடுத்துக் காதைக் கொடுத்தார். அம்பலவாணர் மண்டைக்குள் துழாவினார். ஒரே ஒரு எண்தான் கையில் தட்டுப்பட்டது. பதற்றத்தில் குரல் சபை முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்தது. “அறுபத்தொன்று.”

அரசர் முத்திரையில் கை வைப்பதற்குள் தாண்டவராயர் துள்ளி எழுந்தார். “அது போன வருஷத்து எண், அரசே. இந்த வருஷத்து எண் அது இல்லை. இவர் ஆள்மாறாட்டக்காரர்.”

காவலர்கள் நெருங்கினார்கள். நல்லவேளை, அம்பலவாணருக்குக் காது வேலை செய்தது. “தாண்டவராயரே, போன வருஷம் என் எண்ணை அரசர் காதில் மட்டும்தான் சொன்னேன். ஓலையை அரசர் தன் கையாலேயே எரித்தார். இந்த வருஷத்து ஓலை இன்னும் முத்திரை உடையாமல் இருக்கிறது. இரண்டும் உமக்கு எப்படித் தெரியும்?”

தாண்டவராயர் அரசரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அரசர் கண்காட்ட, ஆட்கள் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். ஓலைகளைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி மூடப் பயன்பட்ட கள்ள முத்திரையும், ஏமாந்தவர்கள் பேரால் வாங்கிய அரண்மனை நெல் மூட்டைகளும் வண்டியேறி வந்தன.

“பலே, அம்பலவாணரே” என்றார் அரசர். “திருடனைப் பிடிக்க வேண்டுமென்றே பழைய எண்ணைச் சொன்னீரா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபையே அதைத்தான் எதிர்பார்த்தது. அம்பலவாணருக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த கேள்வி அதற்குள் வந்துவிட்டது.

“சரி, இந்த வருஷத்து எண்ணைச் சொல்லும். விதி விதிதானே?”

அம்பலவாணர் கைகூப்பினார். “எண்ணைச் சொல்ல வேண்டும் என்றுதான் விதி எழுதினேன், அரசே. யார் சொல்ல வேண்டும் என்று எழுத எனக்குப் புத்தி போதவில்லை. தாண்டவராயரையே கேளுங்கள். எனக்கு மறந்துவிட்டது. அவர்தான் பொறுப்பாக மனதில் வைத்திருக்கிறார்.”

தாண்டவராயர் விலங்குக்குக் கையை நீட்டியபடியே, “நாற்பத்தேழு” என்று முணுமுணுத்தார். முத்திரையை உடைத்துப் பார்த்த அரசர், சிரிப்பில் ஓலையைத் தீயில் போட மறந்துபோனார்.