முள்ளிக்கோட்டை ராஜா கேட்டு வாங்கிய பட்டம்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கோதண்டபாணி. கேட்ட நாளிலிருந்தே இதில் எனக்கு ஒரு சந்தேகம். எந்த இடத்தில் என்பதுதான் பல வருஷமாகப் பிடிபடவில்லை. என் புத்திதான் கோணலோ என்றுகூட நினைத்துக்கொண்டேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

கும்பினிக்காரர்கள் காலத்தில், முள்ளிக்கோட்டை ராஜா திம்மப்ப நாயக்கருக்கு ஒரே ஒரு மனக்குறை. இருபது பட்டங்கள் இருந்தன. எல்லாம் தாத்தா சம்பாதித்தவை. சொந்தமாக ஒன்றும் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கமும் இருந்தது. யாராவது சங்கடமாக எதையாவது கேட்டால் உடனே ஒரு தாம்பூலத்தை வாயில் போட்டுக்கொள்வார். வாயில் தாம்பூலம் இருக்கும்போது பேசுவது அரண்மனையில் மரியாதை இல்லை. கேட்டவர் காத்திருந்து, களைத்து, போய்விடுவார்.

கலெக்டர் துரை வந்து, "ஏரிக்கரையை எப்போது கட்டுவீர்கள்?" என்று கேட்டபோதும் ராஜா மென்றார். அரை நாள் மென்றார். துரை குதிரை ஏறும்போது சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார்: "இவேசிவ்."

சொந்தமாக ஒரு பட்டம் கிடைத்துவிட்டது என்று ராஜாவுக்கு அது தேனாக இனித்தது. மறந்துவிடாமலிருக்கக் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிரதானி வெங்கோபராவ் சமயம் பார்த்துச் சொன்னார்: "சந்தேகமென்ன மகாராஜா? மகா தீரர் என்று அர்த்தம். நாளை துரை வரும்போது கட்டியக்காரன் உங்கள் பட்டங்களோடு அதையும் சேர்த்தே கூவட்டும். எதற்கும் நம் துபாஷி ஆதிமூலத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள்."

துரைமார் பேச்சை மொழிபெயர்க்கும் அந்தத் துபாஷி வேலையை ராவுக்குத் தன் மருமகனுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆதிமூலத்தின் இங்கிலீஷோ நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை எண்ணும்போது காதில் விழுந்தது.

"ஓய் ஆதிமூலம்! இவேசிவ் என்றால் என்ன? சரியாகச் சொன்னால் சன்மானம். பிசகினால் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்" என்றார் ராஜா. வேலை ஒப்படைப்பதற்கு அடையாளமாகத் தன் கையால் ஒரு தாம்பூலமும் கொடுத்தார்.

ராஜா கொடுத்த தாம்பூலத்தை அங்கேயே வாயில் போட வேண்டும். ஆதிமூலம் போட்டார். மென்றார்.

"ம், சொல்லும்."

ஆதிமூலம் பணிவாக வாயைச் சுட்டிக் காட்டினார். ராஜா காத்திருந்தார். ஒருவழியாக மென்று முடித்ததும், "மகாராஜா, இன்றைக்கு மயில் என்னமாய் அகவுகிறது!" என்றார்.

"மயில் கிடக்கட்டும்! அர்த்தம்?"

"நேற்று மகாராஜாவுக்குத் தலைவலி என்றார்களே, விட்டதா?"

"விட்டது. அர்த்தம்?"

"தட்டில் இன்னொரு வெற்றிலை இருக்கிறது போலிருக்கிறதே..."

ராஜா சிம்மாசனத்தைவிட்டுத் துள்ளி எழுந்தார். "என்னங்காணும் இது! நேராக ஒன்றைக் கேட்டால் மெல்லுகிறீர், மயில் என்கிறீர், விலாங்கு மாதிரி நழுவுகிறீர்! பதில் சொல்லாமல் தப்பப் பார்க்கிறீரா?"

ஆதிமூலம் கைகூப்பினார். "அதேதான் மகாராஜா. துரை சொன்ன வார்த்தைக்கு இதைவிட நல்ல அர்த்தத்தை எந்தப் பண்டிதனும் சொல்ல முடியாது."

ராஜாவின் கை தன்னையறியாமல் தாம்பூலத் தட்டுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஆதிமூலத்தைப் பார்த்தார்.

"நான் இப்படியா இருக்கிறேன்?"

ராவ் அவசரமாக ஒரு வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார்.

"கட்டியக்காரனுக்கு அந்த வார்த்தை பாடமாகிவிட்டதா?" என்று கேட்டார் ராஜா.

"ஆகிவிட்டது. மறக்கச் சொல்லட்டுமா?" என்றார் ஆதிமூலம்.

"வேண்டாம். இருக்கட்டும்."

மறுநாள் துரை வந்தார். உட்கார்ந்ததும், "ஏரிக்கரை?" என்றார்.

தாம்பூலத் தட்டு பக்கத்தில்தான் இருந்தது. ராஜா அதைத் தொடவில்லை. "கட்டவில்லை. தப்பு என்னுடையது. தை பிறப்பதற்குள் கட்டிவிடுகிறேன்."

துரை திகைத்துப்போனார்.

"இப்போது நான் ஒன்று கேட்கிறேன்" என்றார் ராஜா. "கும்பினி எடுத்துக்கொண்ட எங்கள் இரண்டு கிராமங்களை எப்போது திருப்பித் தருவீர்கள்?"

ஆதிமூலம் மொழிபெயர்த்தார். துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வெயில் அதிகம் என்றார். அரண்மனை நாயைத் தடவி, நல்ல ஜாதி நாய் என்றார்.

ராஜா கண்ணைக் காட்டினார். கட்டியக்காரன் தடியைத் தரையில் தட்டி, கூரை அதிரக் கூவினான்:

"கலெக்டர் துரை மகாப்பிரபு, இவேசிவ், பராக்! பராக்!"

துரையின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. பிறகு அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜா அதைவிட உரக்கச் சிரித்தார். ஒரு கிராமம் அந்த மாதமே திரும்பி வந்தது. ராஜாவின் வெள்ளி வெற்றிலைப்பெட்டி ஆதிமூலத்துக்குப் போயிற்று.

ஆதிமூலத்தின் வம்சத்தில் வந்தவர்தான் கோதண்டபாணி. அந்தப் பெட்டி இப்போது அவர் மேஜைமேல் இருக்கிறது. நான் சந்தேகத்தை எடுக்கும்போதெல்லாம் அவர் கை அதற்குப் போய்விடும். போன வாரம் அவர் மூடியைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு கேட்டேவிட்டேன்:

"ஐயா, துரை சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் உங்கள் முப்பாட்டனாருக்கு முன்பே தெரியுமா, இல்லை தெரியாமல்தான் மென்று நழுவினாரா?"