தீக்கு எதிரே குடை விரித்த காளான்

அந்தக் காலத்தில், மாடும் மண்ணும் மனிதரோடு வாய்க்கு வாய் பேசிய நாளில், வைக்கோல் மக்கவே மக்காது. பாட்டன் அறுத்ததும் பேரன் அறுத்ததும் ஒன்றாய் மலைபோலக் குவிந்து கிடக்கும். உச்சியில் ஏறினால் நிலாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்.

மலை சேர்ந்ததும், ஏதாவது ஒரு அறுப்பு முடிவில் தீ வரும். வைக்கோலோடு மண்புழுவையும் வரப்பு நண்டையும் சேர்த்தே தின்னும். வயல் செங்கல்லாய் இறுகிப்போகும். எதிர்த்துப் பேச ஆளில்லை.

சடையாயிக்கு இருந்தது ஒரே வயல். இன்னொரு தரம் வெந்தால் அதில் புல்கூட முளைக்காது. அரிவாளோடு வரப்பில் நின்றாள்.

"இங்கே கால் வைக்காதே."

"அப்படியா ஆத்தா? அப்ப இதை யாரு தின்பா, நீயா?" தீ சிரித்தது. "விதைப்பு நாளுக்கு வருவேன். ஒரு வைக்கோல் தாள் முழுசாய்க் கிடந்தாலும் வயலோடு உன் குடிசையும் எனக்குத்தான்."

"வந்துதான் பாரேன்."

எருமையைக் கூப்பிட்டாள். வயிறு முட்டத் தின்றுவிட்டு, "தாடை வலிக்குது தாயி" என்று படுத்துக்கொண்டது. கறையான் வந்தது, அதன் கண்ணெல்லாம் அவள் வீட்டுக் கதவுமேல். விரட்டிவிட்டாள்.

புளியமரத்தடியில் வெள்ளை நூலாய்க் கிடந்தது காளான். அப்போது அதற்குத் தலையும் இல்லை, குடையும் இல்லை.

"நான் தின்னுறேன் ஆத்தா."

"பல்லில்லாத பய வைக்கோல் தின்னப்போறானாம்!" எருமை கெக்கலித்தது.

"பல்லு எதுக்கு? எச்சில் போதும், கரைச்சுக் குடிச்சிருவேன். ஆனா காய்ஞ்ச வைக்கோல்ல எச்சில் இறங்காது. தண்ணி வேணும்."

குளத்தில் கிடந்ததோ நாற்றங்காலுக்கு ஊரே முறை வைத்துப் பாய்ச்சும் கடைசித் தண்ணீர். தன் முறை வந்ததும் சடையாயி மடையை வைக்கோல் பக்கம் வெட்டிவிட்டாள். "கிறுக்குப் பிடிச்சிருச்சு இவளுக்கு" என்றது ஊர். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விதைப்பு நாளில் தீ காற்றைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. மலை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கறுத்த எரு. தீ நாக்கை நீட்டியது. புஸ்ஸென்று புகைதான் கிளம்பியது.

"யாருடா என் சாப்பாட்டில் எச்சில் வச்சது? தலையைக் காட்டு, பொசுக்குறேன்!"

எருவை முட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை எழுந்தது. தீயின் மூஞ்சிக்கு நேரே குடை விரித்தது.

"நான்தான். எச்சில் சோறு வேணுமா?"

தீ இருமிக்கொண்டே திரும்பிப் போனது. எரு குடித்து வைத்திருந்த ஈரத்திலேயே சடையாயி விதை தூவினாள். ஊருக்கு முன்னால் அவள் வயல்தான் பச்சை கட்டியது.

அன்று முதல்தான் ஈர வைக்கோல் மக்குகிறது, மழை விட்டு வெயில் அடித்தாலும் காளான் குடையை மடக்குவதில்லை; அது மழைக்குப் பிடித்த குடை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், தீக்குத் தெரியும்.